திங்கட்கிழமை ராகு காலம்

கண்ணு,

உங்க அப்பா இன்றைக்குக் காலையில் தானாக எழுந்து, சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்து போய், பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன். 'பாத்து, பாத்து' என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "என்னா டீச்சர், பரீட்சையில பாஸா?" என்று கேட்டார். பாஸ்தான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாலைக் காய்ச்சினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதெல்லாம் உனக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த வாரம் இங்கே நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. போனில் சொல்ல வந்தால், "சரிம்மா, நல்லா ஆயிட்டார்ல, அத விடு" என்கிறாய். விட முடியவில்லை. நீ அவரிடம் கடைசியாகப் பேசியது ஆபரேஷனுக்கு முந்தின வியாழக்கிழமை. அதற்கப்புறம் நீ என்னிடம் விசாரிக்கிறாய், அவரும் உன்னைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார், நடுவில் நான் தபால்காரி மாதிரி நிற்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். லீவு நாளில் நிதானமாகப் படி.

அந்தப் புதன்கிழமை கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் தேதி சொன்னார். அடுத்த திங்கட்கிழமை, காலையில் முதல் ஆபரேஷன் இவருக்கு. முதல் ஆள் என்றால் நல்லது, காத்திருக்க வேண்டியதில்லை என்று எனக்குச் சந்தோஷம். திண்டிவனத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற ஜனத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே ஒரு தேதி கிடைப்பது என்ன விஷயம் என்று தெரியும். தேதியைத் தவறவிட்டால் மறுபடி வரிசைதான். இவருக்கு இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். இவரும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் காலண்டரிடம் போனார். திங்கட்கிழமைத் தாளைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"திங்கக்கிழம காலையில ஏழரைலருந்து ஒம்போது ராகு காலம். அன்னைக்கு அஷ்டமி. அதுக்கும் மேல எனக்குச் சந்திராஷ்டமம். மூணும் ஒண்ணா வருது, டீச்சர். அன்னைக்கு நான் கத்தி வைக்க விடமாட்டேன். வேற தேதி கேளு."

உனக்குத் தெரியும், அவர் வீம்பு பிடிக்கிற ஆள் இல்லை. இங்கே பக்கத்தில் மேட்டுப்பாளையம் கம்பெனியில் அத்தனை வருஷம் ஷிப்டு சூப்பர்வைசராக இருந்து ஒருத்தரிடமும் குரலை உயர்த்தாதவர். ஆனால் காலண்டர் என்று வந்துவிட்டால் கல்தான். நீ புது பைக் வாங்கி வந்த அன்றைக்கு எமகண்டம் முடியட்டும் என்று உன்னை ஷோரூம் வாசலிலேயே நிற்கவைத்தவர். இத்தனை காலம் நான் அதைக் கேலி செய்ததும் இல்லை, கவனித்ததும் இல்லை. அது அவருடைய விஷயம், உப்பும் புளியும் என்னுடைய விஷயம் என்று இருந்துவிட்டேன். இப்போது அது உயிர் விஷயமாகிவிட்டது.

மறுநாள் நீ போன் செய்தாய். விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டதால் ஊருக்கு வர முடியாமல் அங்கே மாட்டிக்கொண்ட கோபம் உனக்கு. அவர் சொன்னதைக் கேட்டதும், "அப்ப அந்தக் காலண்டரே உங்களுக்கு ஆபரேஷன் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பயந்துபோய்ப் பேசினாய். அதே பயத்தில்தான் அவரும் பேசினார் என்பது அப்போது எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரை எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். முப்பது வருஷம் பூகோளம் நடத்தினவளுக்கு இது புரியாதா என்று ஒரு திமிர் வேறு. புரிந்தது. புரிந்ததோடு இல்லாமல் பிடித்தும் போனது. அதை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாத ஒன்றின்மேல்தான் நாம் அதிகமாகக் கோபப்படுகிறோம்.

பஞ்சாங்கம் என்றால் ஐந்து அங்கம். கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம். கிழமை உனக்குத் தெரியும். சூரியனை விட்டு நிலா எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதுதான் திதி. அமாவாசையில் இரண்டும் சேர்ந்து நிற்கும், அங்கிருந்து பன்னிரண்டு பாகை விலக விலக ஒவ்வொரு திதி. எட்டாவது திதி அஷ்டமி. அன்றைக்கு வானத்தில் பாதி நிலா. நிலா போகிற பாதையை இருபத்தேழாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், இன்றைக்கு அது எந்த வீட்டில் தங்குகிறதோ அது இன்றைய நட்சத்திரம். யோகமும் கரணமும் இதே சூரியன், நிலா கணக்கிலிருந்து வருகிறவைதான். நீ பிறந்தபோது நிலா இருந்த ராசியிலிருந்து எண்ணி எட்டாவது ராசிக்கு அது வரும்போது உனக்குச் சந்திராஷ்டமம். மாதம் தவறாமல் எல்லோருக்கும் இரண்டேகால் நாள் வரும். அப்பாவுக்கு விருச்சிகம். நிலா மிதுனத்துக்கு வந்தால் அவருக்கு ஆகாது.

ராகு காலம் இன்னும் சுலபம். சூரியன் உதித்து மறைகிறவரை பகலை எட்டுப் பங்கு போடு. திங்கட்கிழமை இரண்டாவது பங்கு, சனிக்கிழமை மூன்றாவது, இப்படி ஒவ்வொரு நாளைக்கும் ஒன்று ராகு காலம், இன்னொன்று எமகண்டம், இன்னொன்று குளிகை. காலண்டரில் ஏழரை முதல் ஒன்பது என்று அச்சடித்திருப்பது, ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டுகிற ஒரு கற்பனை நாளுக்கு. பங்குனியில் நம்ம ஊரில் ஆறு மணி தாண்டித்தான் விடியும், அதனால் எல்லாம் கொஞ்சம் நகரும். நீ இருக்கிற ஊரில் கோடையில் ராத்திரி ஒன்பதரை வரை வெயில் அடிக்கிறது என்று சொன்னாயே, அங்கே ஒரு பங்கே இரண்டு மணி நேரம் இருக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு நம்ம ஊர்க் காலண்டரைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இதையெல்லாம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று அந்தக் கவலையிலும் எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் என் வாதத்தை ஆரம்பித்தேன். ராகு காலம் நல்ல காரியம் தொடங்கத்தான் ஆகாது, வைத்தியத்துக்கு இல்லை என்றேன். சந்திராஷ்டமம் உங்களுக்கு மட்டுமா, அந்த ராசியில் பிறந்த அத்தனை பேருக்கும்தானே, எல்லோருமா அன்றைக்கு விழுந்துவிடுகிறார்கள் என்றேன். நிஜமான ராகு காலம் பத்து நிமிஷம் தள்ளித்தான் தொடங்கும் என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சர், நீ நேத்திக்குப் படிச்சத நான் நாப்பது வருஷமா படிக்கிறேன். அந்தப் பத்து நிமிஷமும் தெரியும். அதெல்லாம் இல்ல."

"பின்ன என்னதாங்க?"

தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "எங்கப்பாவ யாரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது தெரியுமா?" என்று கேட்டார்.

உன் தாத்தா பாகூர் பக்கம் நிலம் வைத்திருந்தவர், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார், நெஞ்சு நோய் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அதற்குமேல் இவர் சொன்னதே இல்லை. அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. இவருக்கு அப்போது இருபது வயசு இருக்கும். எங்கேயோ ஓடிப்போய் ஒரு வேனைப் பிடித்து வந்திருக்கிறார். அவருடைய பெரியப்பா வாசலில் நின்றுகொண்டு, 'ராகு காலம்டா, ஆறு மணி ஆவட்டும், அப்புறம் எடு' என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. தாத்தாவைத் தோளில் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தாத்தா ஆஸ்பத்திரியில் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்து, அப்புறம் இறந்து போனார். காரியத்தன்றைக்கு ஊரே உட்கார்ந்திருக்க, அந்தப் பெரியப்பா சொன்னாராம்: "ராகு காலத்துல வாசப்படி தாண்டுனா, எங்க திரும்பி வருவான்? சொன்னேன், கேக்கல."

"யாரும் எதுவும் சொல்லல. எங்கம்மாகூட ஒண்ணும் சொல்லல. எல்லாம் என்னையே பாத்தாங்க. அன்னையிலருந்துதான் பாக்குறேன்" என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், கண்ணு. தினமும் அவர் தாளைக் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டே காபி கொடுத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ராகுவிடம் பயம் இல்லை. தனக்கு ஏதாவது ஆகி, நாளைக்கு உன்னையோ என்னையோ பார்த்து யாராவது அதே வார்த்தையைச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். "நீதான் கையெழுத்துப் போடப்போற டீச்சர். உன்னத்தான சொல்லுவாங்க" என்று அதையும் சொன்னார்.

என் வாதம் எல்லாம் காணாமல் போய்விட்டது. சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டேன், "அன்னிக்கு ஆறு மணி வரைக்கும் இருந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்? உதடே நீலமாயிடுச்சு. வீட்லயே போயிருப்பாரு."

"அந்தப் பத்துப் பன்னெண்டு நாளு பேசிக்கிட்டு இருந்தாரா?"

"ம், நல்லாப் பேசுனாரு. என் தங்கச்சியப் பாக்கணும்னாரு, கூட்டியாந்து காட்டுனேன். அவ கையால இட்லி சாப்ட்டாரு. கெணத்தடி நெலத்த விக்காதீங்கடான்னு சொன்னாரு. அந்த டாக்டரு ஒரு வயசான ஆளு, என் முதுகுல தட்டி, நல்ல நேரத்துல கொண்டாந்தப்பான்னு..."

அதோடு நிறுத்திவிட்டார். தான் சொன்னதையே யாரோ சொன்னது போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எடுத்துச் சொல்லியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். தெருவில் காய்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல் தேய்ந்த பிறகு இவர், "அந்த டாக்டரு அப்படித்தான் சொன்னாரு. எனக்கு ஞாபகமே இல்ல பாரு" என்றார். பிறகு எழுந்து கை கழுவினார்.

"நாளைக்குப் போய்ச் சேந்துக்கலாம். ஏழரைக்கு மேல கெளம்பு, ஒம்போதுக்குள்ள உள்ள போயிடணும். ஆறுலருந்து ஏழரை குளிகை. குளிகையில ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்பத் திரும்பப் போவணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சரி என்றேன். மறுநாள் அவர் சொன்ன நேரத்துக்கே ஆட்டோ வந்தது.

திங்கட்கிழமை காலை வார்டில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, பச்சைத் துணி போர்த்திவிட்டார்கள். தள்ளிக்கொண்டு போக வந்தவரிடம், "மணி என்னப்பா?" என்று கேட்டார். "எட்டே கால்ங்க." சரியான ராகு காலம். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். இந்த நேரத்தில் வேண்டாம் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்து வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "சரி, தள்ளுப்பா" என்றார். கதவு மூடிக்கொண்டது.

இப்போது என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா, மகனை உள்ளே அனுப்பிவிட்டு உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தார். எனக்கு ஓத எதுவும் வரவில்லை. எதிர்ச் சுவரில் கடிகாரம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய முள் ஏறி ஒன்பது ஆனதும் என் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷக் கணக்கு ஞாபகம் வந்து, அதையும் சேர்த்துக் காத்திருந்து, இன்னொரு தடவை மூச்சு விட்டேன். பூகோள டீச்சர், கண்ணு. பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினவள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் மனுஷர்கள் ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. காலண்டரில் கெட்ட நேரம் போட்டிருக்கிறது, ஆனால் அது எப்போது முடியும் என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதுக்கு முடிந்துவிடும். அஷ்டமி போய் நவமி வரும், நவமி போய் தசமி வரும். நிலா ஒரு ராசியிலேயே குந்திக்கொண்டு இருக்காது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. டாக்டராலும் சொல்ல முடியவில்லை. எப்போது முடியும் என்று யாராவது சொன்னால் போதும் என்று இருக்கிற ஒரு நாள் எல்லோருக்கும் வரும். உனக்கு வராமல் இருக்கட்டும். வந்தால், அன்றைக்கு உன் அப்பாவை நினைத்துக்கொள்.

மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "நல்லா முடிஞ்சுதும்மா" என்றார். அந்த முஸ்லிம் அம்மாதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவருடைய மகனும் சாயங்காலம் நல்லபடியாக வெளியே வந்தான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறுநாள் வாயில் வைத்திருந்த மூச்சுக் குழாயை எடுத்த பிறகு அப்பாவைப் பார்க்க விட்டார்கள். குரலே எழும்பவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"சந்திராஷ்டமம் இன்னும் முடியல. ராத்திரி வரைக்கும் இருக்கு" என்றார்.

"இருந்துட்டுப் போவட்டும்ங்க."

"சந்திராஷ்டமத்தன்னைக்கு வாயத் தொறக்காம இருக்கணும்னு சொல்லுவாங்க. அதான் குழாய வச்சி அடைச்சிட்டாங்க."

சிரிக்கப் போய்த் தையல் இழுத்து முகம் சுருங்கியது. நர்ஸ் என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

உனக்கு நான் சொல்ல வந்தது பெரிய விஷயம் இல்லை. நேரம் பார்க்காதே என்றும் சொல்ல மாட்டேன், பார் என்றும் சொல்ல மாட்டேன். உன் கையில் இருக்கிற நேரத்தை எப்படி வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்; ஒரு நல்ல காரியத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்து கூடி நிற்பது அழகுதான். உன் கையில் இல்லாத நேரம் வந்தால், வண்டி நிற்கிறது, மூச்சுத் திணறுகிறது என்றால், கிளம்பிவிடு. ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. எல்லாம் நடந்து முடிந்த பிறகு நேரத்தைத் திரும்பிப் பார்த்து, அதை எடுத்து யார் தலையிலும் வைக்காதே. அந்தப் பெரியப்பா கெட்டவர் இல்லை; தம்பி போன துக்கத்தில் சொன்னார். சொன்னவர் மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒரு இருபது வயசுப் பையன் அதை நாற்பது வருஷம் சுமந்தான்.

நீயும் போனில் சொன்னது கோபத்தில் சொன்னதுதான். அவர் அதைப் பிடித்து வைத்திருக்கவில்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். "அவன் பயந்துட்டான், விடு" என்றார். ஆனாலும் நீயாகப் பேசு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும். அங்கே எத்தனை மணிக்கு விடிகிறது என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் அவர் பேசுவார்.

அப்பா இப்போது மத்தியானச் சாப்பாடு முடித்துப் படுத்திருக்கிறார். ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. முன்பெல்லாம் அவர் குறட்டை தெருமுனைவரை கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குறட்டையைப் பற்றி உன் மாமாக்களிடமும் உன்னிடமும் புகார் சொல்லிவந்தவள் நான். இன்றைக்கு மின்விசிறிச் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை என்று, எழுந்து போய் விசிறியைக் குறைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அம்மா